அடுத்த வீட்டுப் பிள்ளையும் விழுங்கினால்

களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்கு மேற்கே எழும்பி நிற்கிற மலைத்தொடரைப் புலிகளுக்கும் சிங்கவால் குரங்குகளுக்கும் உரிய இடமாகத்தான் நமக்குத் தெரியும். மூளையைத் தட்டி எழுப்புகிற சரக்கும் அங்கே விளைகிறது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் நடுவே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேயிலை பறித்தார்கள். தேயிலையில் இருக்கும் கஃபீன்தான் உலகில் மிக அதிகம் பேர் அன்றாடம் உட்கொள்கிற மூளைத்தூண்டி. அதே மலைத்தொடரின் அகத்தியமலைக் காடுகளில் காணிப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் மலையேறுவதற்காகத் தின்னும் பழம் ஒன்று உண்டு. ஆரோக்கியப்பச்சை என்று பெயர். மலையிறங்கி வந்தால் கால்வாய்க் கரைகளின் ஈரத்தில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் படர்ந்து கிடக்கின்றன.

ஆகவே, நோயில்லாத மூளையை மருந்தாலோ கருவியாலோ கூர்தீட்டலாமா என்ற கேள்வி ஆக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் மட்டும் பேசவேண்டியதல்ல. நீட் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் நாங்குநேரி வட்டாரத்துக் குடும்பம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சிலர் வல்லாரைத் துவையலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் நினைவாற்றல் மாத்திரை வாங்குகிறார்கள். பெருநகரப் பயிற்சி விடுதிகளில் மொடாஃபினில் கைமாறுகிறது என்ற பேச்சும் ஊர்வரை வந்துவிட்டது.

அறம் பற்றிப் பேசுவதற்கு முன் இவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். வேலையே செய்யாத மருந்தைத் தின்பது ஒழுக்கக்கேடா என்று விவாதிப்பது நேரக்கேடு.

வல்லாரையிலிருந்து தொடங்கலாம். நமக்கு அதன் மேல் இருப்பது ஆய்வு தந்த நம்பிக்கை அல்ல, பாட்டி தந்த நம்பிக்கை. அதனாலேயே அதைத் தள்ளிவிட முடியாது, அதனாலேயே ஏற்கவும் முடியாது. வல்லாரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 11 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். நினைவு, கவனம், சொல்லாற்றல் என்று அறிவுத்திறனின் எந்தக் கூறிலும் வெற்று மாத்திரையைவிட வல்லாரை மேலாக நிற்கவில்லை. விழிப்பு சற்றுக் கூடுகிறது, எரிச்சல் சற்றுத் தணிகிறது என்பதற்கு மட்டும் ஓரளவு அறிகுறி தெரிந்தது. தேர்வு வாரத்தில் எரிச்சல் தணிவதும் ஒரு லாபம்தான். ஆனால் வல்லாரையிடம் நாம் கேட்டது அதுவல்ல.

நீர்ப்பிரமியின் நிலை கொஞ்சம் பரவாயில்லை. பிரமி என்று பல இடங்களில் விற்கப்படுவது இதுதான். சில இடங்களில் அதே பெயரில் வல்லாரையும் விற்கப்படுவதால், வாங்குகிறவருக்குத் தான் எதைத் தின்கிறோம் என்பதே தெளிவில்லை. ஆஸ்திரேலியாவில் 2001-ல் வெளியான சோதனையில் நலமான 46 பேரில் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 5 வாரத்தில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. 12 வாரம் கழித்துக் கற்றலிலும் தகவலைக் கையாளும் வேகத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 40 முதல் 65 வயதுவரையிலான 76 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை, புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைவதாகச் சொன்னது. கற்கும் வேகம் கூடவில்லை. இரண்டும் நேர்மையான ஆய்வுகள், ஆனால் சின்ன ஆய்வுகள். எதுவும் 17 வயதுப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டதல்ல. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்பதையும் கவனிக்க வேண்டும். சித்த மருத்துவம் வல்லாரையைக் கற்ப மூலிகையாக வைத்து, பத்தியத்தோடு நாள்கணக்கில் உண்ணச் சொன்னது. தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு புட்டி வாங்கிக் கொடுப்பது சித்த மரபும் அல்ல, நவீன அறிவியலும் அல்ல. விளம்பரம் உண்டாக்கிய வழக்கம்.

அந்த விளம்பரத்தின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியிலிருந்து உருவாக்கிய சாற்றை 1990-களின் நடுவில் 'மெமரி பிளஸ்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது, சின்னப் பொட்டல ஷாம்பு மூலம் வீடுவீடாக நுழைந்திருந்த சென்னையின் வெல்வெட் நிறுவனம். விளம்பர முகமாக விஸ்வநாதன் ஆனந்த் வந்தார். அரசு ஆய்வகத்தின் முத்திரை, உலகத்தரச் சதுரங்க வீரரின் முகம், ஷாம்பு விற்றவர்களின் விற்பனைத் திறமை மூன்றும் சேர்ந்தபின் மருந்தின் பலன் என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனந்தின் மூளை மாத்திரையால் வந்ததில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கினோம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்திய மருந்து விதிகள் 1945-இன் ஜே அட்டவணை, எந்தெந்த நிலைகளைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று பட்டியலிடுகிறது. வழுக்கை, தோல் வெளுப்பு, உயரம் கூட்டல் ஆகியவற்றோடு மூளைத்திறனைப் பெருக்குதலும் நினைவாற்றலை மேம்படுத்துதலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் இவற்றை வழுக்கைத் தைலத்தின் வரிசையில் வைத்திருக்கிறது. கடை அலமாரி வேறு மாதிரிச் சொல்கிறது. பல புட்டிகள் மருந்து என்ற பெயரையே தவிர்த்துவிட்டு, உணவுத் துணைப்பொருள் என்ற வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகின்றன.

இனி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரைகள். மொடாஃபினில் என்பது பகலில் அடக்கமுடியாமல் தூங்கி விழும் நோய்க்கான மருந்து. மெத்தில்ஃபெனிடேட் என்பது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கானது. ஆனந்தைச் சொன்னதால் சதுரங்க ஆய்வொன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் 39 ஆண் சதுரங்க வீரர்களுக்கு வெவ்வேறு நாட்களில் மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், கஃபீன், வெற்று மாத்திரை எனக் கொடுத்து, கணினியோடு 3000-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடவைத்தார்கள். முடிவு 2017-ல் வெளியானது. மாத்திரை உண்டவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதிக நேரம் யோசித்தார்கள். விளைவாக, கடிகாரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் கூடின. நேரம் போதாமல் தோற்றவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால்தான் ஆட்டத்தரம் சற்று உயர்ந்தது தெரிந்தது. 180 நிமிடத்தில் 180 கேள்விக்கு விடை குறிக்க வேண்டிய பிள்ளைக்கு இந்த முடிவு என்ன சொல்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

மெல்போர்னிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட சோதனை இன்னும் கறாரானது. நலமான 40 பேருக்கு இதே வகை மாத்திரைகளைக் கொடுத்து, எடைக்கு உட்பட்டு அதிக மதிப்புள்ள பொருள்களைப் பையில் நிரப்பும் கணிதப் புதிரைத் தீர்க்கச் சொன்னார்கள். மாத்திரை உண்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிக முறை பொருள்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். உழைப்பின் தரம் மட்டும் குறைந்தது. மருந்தில்லாத நாளில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் பலர் மருந்துண்ட நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள். ஊக்கம் கூடியது, அறிவு கூடவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் நட்டம் அதிகம் என்பது இதன் உட்பொருள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1990 முதல் 2014 வரை மொடாஃபினில் பற்றி வந்த 24 ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தவர்கள், சிக்கலான பணிகளில், திட்டமிடலிலும் முடிவெடுத்தலிலும் அது ஓரளவு உதவுகிறது என்றே சொன்னார்கள். ஆகவே பலனே இல்லை என்பது என் வாதமல்ல. பலன் சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது, தேர்வு என்ற வேலைக்குப் பொருந்தாதது. அத்தோடு இந்த மாத்திரைகள் திருடுவது தூக்கத்தை. பகலில் படித்தது மூளையில் ஊன்றுவது தூக்கத்தில்தான் என்பது நரம்பியலில் நன்றாக நிலைநாட்டப்பட்ட செய்தி. விழித்திருக்க ஒரு மாத்திரையும், படித்தது தங்க ஒரு மாத்திரையும் என்று போனால் செலவு இரட்டிப்பாவதோடு சரி.

கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைக்கு மெத்தில்ஃபெனிடேட் வேறு பொருள். அது அந்தக் குழந்தைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உரிமையைத் தருகிறது. நம் நாட்டில் அது எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு படிகளில் வேண்டும், ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தக் கெடுபிடிக்கு நடுவே அந்த மருந்தை வாங்க நெல்லைக்கும் மதுரைக்கும் அலைகிற பெற்றோரை, 'மூளை மாத்திரை' எதிர்ப்புப் பேச்சு குற்றவாளிகளாக்கிவிடக் கூடாது. நான் எடைபோடுவது நோயில்லாதவர் உண்பதை மட்டும்.

சரி, பலனே பெரிதாக இல்லையென்றால் அறம் பற்றி ஏன் பேச வேண்டும்? நாளைக்கு நல்ல மாத்திரை ஒன்று வரக்கூடும். பலனுள்ள, தீங்கில்லாத, விலை மலிவான மாத்திரை. அப்போது என்ன சொல்வோம் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வழக்கமாகச் சொல்லப்படும் முதல் எதிர்ப்பு, இயற்கைக்கு மாறானது என்பது. இதை நான் ஏற்கவில்லை. மூக்குக்கண்ணாடி இயற்கையில் காய்ப்பதில்லை. எழுத்தே நினைவாற்றலுக்குப் பூட்டிய செயற்கைக் கருவிதான். வல்லாரையை இயற்கை என்று அணைத்துக்கொண்டு மொடாஃபினிலைச் செயற்கை என்று விலக்குகிறவர்கள், அரளியும் நம் ஊர்ச் செடிதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் நுட்பமானது. அமெரிக்க மெய்யியலாளர் மைக்கேல் சாண்டல் 2007-ல் எழுதிய நூலில், மனிதத் திறமையை ஒரு கொடையாகப் பார்க்கும் பணிவை இந்த மேம்படுத்தும் வெறி அழித்துவிடும் என்று வாதிட்டார். படிக்க அழகான வாதம். தாமிரபரணிக் கரையில் நின்று படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது. பிறவியில் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு அடங்கியிரு என்று தலைமுறை தலைமுறையாகச் சிலருக்கு மட்டும் சொல்லப்பட்ட மண் இது. வாழைத் தோட்டத்தில் கூலிக்குத் தார் சுமக்கிறவரின் மகளிடம் போய்க் கொடையின் பெருமையைப் பேசும் தகுதி எந்த மெய்யியலுக்கும் இல்லை.

மூன்றாவது, பணமிருப்பவன் வாங்குவான், ஏழை என்ன செய்வான் என்ற நியாயக் கேள்வி. கேட்கும்போது வலுவாகத் தெரிகிறது. யோசித்தால் தளர்கிறது. நீட் பயிற்சிக்கு ஆகும் தொகையோடு ஒப்பிட்டால் மாத்திரையின் விலை மிகக் குறைவு. பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வுதான் குறை என்றால், முதலில் தடைசெய்ய வேண்டியது பயிற்சி மையங்களை. அல்லது அரசே மிதிவண்டி போல மாத்திரையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டால் குறை தீர்ந்துவிடும். தீருமா?

தீராது. ஏன் தீராது என்று பார்த்தால்தான் என் கணிப்பில் உண்மையான எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று புலப்படும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் இடங்கள் எத்தனையோ அத்தனைதான். களக்காட்டுப் பிள்ளைகள் எல்லாரும் விழுங்கி, வள்ளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் விழுங்கி, ஆளுக்கு இருபது மதிப்பெண் கூடினால், வெட்டு மதிப்பெண்ணும் இருபது கூடும். இடம் ஒன்றுகூட அதிகமாகாது. முன்பு யார் உள்ளே போனார்களோ ஏறக்குறைய அவர்களே போவார்கள், எல்லாரும் ஒரு மாத்திரைக் கடனோடு. கொட்டகையில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்று படம் பார்த்தால் பின்னாலிருப்பவரெல்லாம் நிற்க வேண்டியதுதான். கடைசியில் யாருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை, எல்லாருக்கும் கால் வலிக்கும்.

2008-ல் 'நேச்சர்' இதழ் இணையத்தில் நடத்திய கருத்தறிதலில் 60 நாடுகளைச் சேர்ந்த சுமார் 1400 பேர் பதில் சொன்னார்கள். நோய்க்காக அல்லாமல் மூளைக்காக மருந்து உண்டதாக ஐந்தில் ஒருவர் ஒப்புக்கொண்டார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் செய்தி வேறு. பள்ளியில் மற்றப் பிள்ளைகள் உண்பது தெரிந்தால் தன் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியை உணர்வேன் என்றார்கள் மூன்றில் ஒரு பங்கினர். விரும்பிக் கொடுப்பேன் என்பதற்கும் நெருக்கடிக்குக் கொடுப்பேன் என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பரில் அதே இதழில் ஹென்றி க்ரீலி, பார்பரா சஹாக்கியன், மார்த்தா ஃபாரா உள்ளிட்ட அறிஞர்கள், நலமானவர்கள் பொறுப்போடு இந்த மருந்துகளைப் பயன்படுத்தச் சமூகம் இடம்தர வேண்டும் என்று எழுதினார்கள். எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் அதுதான். கல்வி, உடற்பயிற்சி, நல்ல தூக்கம் ஆகியவற்றின் வரிசையில் மருந்தையும் வைக்கலாம் என்பது அவர்கள் நிலை. மூளையை மாற்றுகிறது என்பதற்காக மட்டும் ஒன்றை விலக்க முடியாது என்பதில் அவர்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் வரிசை தவறு. அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தால் என் பிள்ளைக்கும் ஊருக்கும் நன்மை மிஞ்சும். படித்த அறிவு தேர்வு முடிந்தபின்னும் தங்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை மாத்திரை விழுங்கி முந்தினால் மிஞ்சுவது என் பிள்ளையின் பின்னடைவு மட்டும். பக்கத்து வீட்டாரும் பெற்றால் என் பங்கு குறையாமல் இருக்கிறதா, கூடுகிறதா, கரைந்துபோகிறதா? மூளை மேம்பாட்டுச் சரக்கு எதுவானாலும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

தேய்த்தால் பொன்னாக மின்னும் சரக்கு ஒன்று தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்திலேயே குவிந்து கிடக்கிறது. தூத்துக்குடி உப்பு. அயோடின் பற்றாக்குறை வளரும் மூளையைக் குன்றவைக்கும். கடும் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கும் இல்லாத இடங்களுக்கும் இடையே சராசரி நுண்ணறிவு ஈவில் 13.5 புள்ளி வேறுபாடு இருப்பதாக 1994-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. இத்தனை பெரிய மாற்றத்தைத் தரும் மாத்திரை எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஒரு சிட்டிகை அயோடினால் தடுத்துவிடக்கூடிய இழப்பு அது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே உப்பு கிடைத்தால் யாருக்கும் நட்டமில்லை, ஊரே லாபமடையும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்கக் கூடாது என்ற தடை 2000-ல் விலக்கப்பட்டு 2006-ல் திரும்ப வந்தது. நாட்டுக்கே உப்பு அனுப்பும் தமிழ்நாடு, அயோடின் உப்பை வீட்டில் பயன்படுத்துவதில் வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. நம் பெருமைகளில் இதைச் சேர்க்க முடியாது.

இரும்புச்சத்தும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரத்தசோகையோடு வகுப்பில் உட்காரும் பெண்ணுக்குக் கவனம் நிற்காது, களைப்பு தீராது. அவளுக்கு நினைவாற்றல் புட்டி வாங்கிக் கொடுப்பது ஓட்டைக் குடத்துக்கு வண்ணம் அடிக்கிற வேலை. பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றைப் புரட்டுகிறது என்று குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிற ஆசிரியைதான் என் கணக்கில் இந்த மாவட்டத்தின் சிறந்த மூளை மருத்துவர். 1956-ல், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது யாரும் அதை அறிவுத்திறன் மேம்பாடு என்று அழைக்கவில்லை. அறிவியல்படி அது வேறொன்றுமில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மண்டையின் மேல் மின்முனைகளை ஒட்டி மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சும் பட்டைகள் இணையத்தில் கிடைக்கின்றன. மனச்சோர்வுச் சிகிச்சையில் அவற்றுக்கு இடம் இருக்கலாம். நலமானவரின் நினைவைக் கூட்டுவதில் ஓர் ஆய்வுக்கு இன்னோர் ஆய்வு முரண்படுகிறது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் மனித மூளையில் முதன்முதலாகப் பதித்த சில்லு, கைகால் இயங்காத ஒருவர் நினைப்பால் கணினியை இயக்குவதற்கானது. அது மருத்துவம், வரவேற்க வேண்டியது. நலமானவர்கள் அதற்காக வரிசையில் நிற்கும் நாள் வந்தால் மேலே சொன்ன உரைகல்லை அப்போதும் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை உண்பவர் பக்கமே நின்று பேசினேன். விளைவிப்பவர் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. மேலைநாட்டு அறவியல் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அகத்தியமலை நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்கிறது.

1987-ல் அறிவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஒரு குழு அகத்தியமலைக் காட்டில் ஆய்வுப்பயணம் போனது. குழுவினர் களைத்து விழ, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள், பிறகு சொன்னார்கள். அந்தப் பழத்தின் செடி ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அதனோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு பங்கு. இதில் சரிபாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவெடுத்தது. 1997-ல் காணிகளுக்கான அறக்கட்டளை பதிவாகி, 1999-ல் சுமார் 5.19 லட்சம் ரூபாய் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி உடன்பாடு என்று உலகம் முழுக்க இதைப் பாராட்டினார்கள். பாராட்டுக்குத் தகுதி உண்டு. 2002-ல் இந்தியப் பல்லுயிர்ச் சட்டமும் 2010-ல் நகோயா உடன்படிக்கையும் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, சட்டம் கட்டாயப்படுத்தாமல், ஓர் அரசு நிறுவனம் தன் வருவாயில் பாதியைக் கொடுத்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஓட்டைகள் தெரிகின்றன. பங்கு கொடுக்கும் முடிவு காணிகளைக் கூட்டிவைத்துப் பேசி எடுத்ததல்ல; கொடுப்பவர் தாமாகத் தீர்மானித்தது. காணி வைத்தியர்களில் சிலர் இந்த அறிவு விற்பனைக்குரியதல்ல என்று எதிர்த்தார்கள். அவர்கள் குரலுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. இலை பறிக்க வனத்துறை தடைபோட்டது. மருந்துக்குப் பேர் வாங்கித் தந்த மக்களே அந்தச் செடியைத் தொட்டால் குற்றம் என்ற நிலை வந்தது. அறக்கட்டளை கேரளப் பக்கத்துக் காணிகளுக்காக அமைந்தது. மலைமுகட்டுக்கு இப்பால் இஞ்சிக்குழியிலும் மயிலாறிலும் சேர்வலாறிலும் வாழும் காணிகள் அதே மக்கள், அதே காடு, அதே செடி. மாநில எல்லை மட்டும் வேறு.

ஜீவனி மூளைக்கு என்ன செய்கிறது? களைப்பைத் தாங்கும் திறன் பற்றி எலிகளை நீரில் நீந்தவைத்துச் செய்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. எலி நீந்துவதற்கும் பிள்ளை படிப்பதற்கும் இடையே மனிதச் சோதனைகள் பல தேவை. மலையேறுகிறவருக்குக் களைப்பு நீக்கிய பழம், நகரத்துப் புட்டியில் ஏறியதும் பொதுவான ஊக்கமருந்தாகிவிட்டது. எந்த உழைப்புக்காக, எந்த அளவில், எந்த வேளையில் காணிகள் அதைத் தின்றார்கள் என்ற பாதி அறிவு காட்டிலேயே நின்றுவிட்டது.

தேயிலையின் கணக்கு இதைவிடக் கடுமை. பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனம் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த தொழிலாளர்கள் 1999-ல் கூலி உயர்வும் சிறையிலிருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டார்கள். அவர்களுக்காக ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு இறந்தவர்கள் 17 பேர். 2024-ல் நிறுவனம் தோட்டத்தை மூடிக்கொண்டு போனபோது, அங்கேயே பிறந்து நான்காம் தலைமுறை கண்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லை. காலையில் ஒரு கோப்பைத் தேநீரால் விழிப்புப் பெறுவது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. நானும் குடிக்கிறேன். ஊக்கம் ஒருவருக்கும் களைப்பு இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்த வரலாறு இந்த மலையில் இருக்கும்போது, மூளைத்தூண்டியின் அறத்தை உண்பவரின் உடம்போடு முடித்துக்கொள்ள முடியாது.

என் தீர்ப்பு இதுதான். வல்லாரை நல்ல கீரை. கீரையாகத் தின்னலாம், மருந்தாக விற்கக் கூடாது. நினைவாற்றல் புட்டிகள் மேல் ஜே அட்டவணையை அமல்படுத்த வேண்டும். உணவு என்ற பெயரில் வந்தால் அந்த வாசலையும் அடைக்க வேண்டும். நலமான மாணவர் மொடாஃபினிலும் மெத்தில்ஃபெனிடேட்டும் உண்பதை நிராகரிக்கிறேன். அவை பாவம் என்பதற்காக அல்ல, நன்றாகப் படிக்கிறவரைக் கீழே தள்ளி, மற்றவரையும் வேண்டாத ஓட்டத்தில் இழுத்துவிடும் என்பதற்காக. நாளைக்குக் குறையே இல்லாத மாத்திரை வந்தாலும் இடம் எண்ணிக்கொடுக்கும் தேர்வுக்கு அது கூடாது என்பதே என் நிலை. உப்பு, இரும்பு, உணவு மூன்றுக்கும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆதரவு. ஆரோக்கியப்பச்சையை யார் மருந்தாக்கினாலும் மலையின் இரு பக்கத்துக் காணிகளும் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தம் முதலில் வரவேண்டும்.

இந்த உரைகல்லை வைத்தே என்னை மடக்கலாம். போட்டியில்லாத இடத்தில் மாத்திரை கூடுமா? இரவு முழுக்க விழித்திருக்கும் அரசு மருத்துவமனை அறுவை மருத்துவர் ஒரு மாத்திரையால் தெளிவாக இருந்தால் லாபம் நோயாளிக்கு. எல்லா மருத்துவரும் உண்டால் எல்லா நோயாளிக்கும் லாபம். என் அளவுகோல்படி அதை அனுமதிக்கத்தான் வேண்டும். லண்டனில் தூக்கமிழந்த 39 மருத்துவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட சோதனையில், மொடாஃபினில் உண்டவர்கள் திட்டமிடலில் தேறினார்கள், அவசர முடிவுகளைத் தவிர்த்தார்கள். அறுவைக்குரிய கைத்திறனில் மட்டும் முன்னேற்றம் இல்லை. எனவே கதவை முழுக்கச் சாத்த மாட்டேன். ஆனால் விழித்திருக்க மாத்திரை இருக்கிறது என்று தெரிந்த நிர்வாகம் காலியிடங்களை நிரப்புமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இரவுப் பணிக்கு இன்னொரு மருத்துவரை நியமிக்கட்டும். அதற்குப் பிறகும் மாத்திரை தேவைப்பட்டால் பேசலாம்.